ஊருக்குச் சொந்தமான சிலைகளும் சுவரோவியங்களும் உங்கள் பொறுப்பில் வந்தால்

நகராட்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். அல்லது மன்ற உறுப்பினராகியிருப்பீர்கள். மற்ற பத்து வேலைகளோடு சேர்த்து, "பூங்காச் சிலைகள், நூலகச் சுவரோவியம் எல்லாம் இனிமேல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கோப்பைக் கையில் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்த கோப்பில் மூன்று தாள்கள் இருந்தன: ஒரு திறப்பு விழா அழைப்பிதழ், ஒரு நன்றிக் கடிதம், எந்தச் சிலையின் விளக்குக்கு என்றே தெரியாத ஒரு மின் ரசீது.

பெரிய நகரங்களில் இதற்கென்று தனிப் பிரிவும் நிபுணர்களும் இருப்பார்கள். சின்ன ஊரில் ஒரே ஆள்தான், அவருக்கும் இது பாதி நேர வேலை. எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பது இயல்பு. நான் பார்த்தவரை, ஊருக்குச் சொந்தமான படைப்புகள் கல்லெறிபவர்களால் கெடுவதைவிட மறதியால் கெடுவதே அதிகம். யார் செய்தது, எந்தப் பெயின்ட், யார் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும். அவர் ஓய்வு பெற்றதும் அதுவும் போய்விடும். அதனால் இங்கே பதிவேட்டுக்கும் பராமரிப்புக்கும்தான் அதிக இடம். புதிதாக வாங்குவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் வேலை: நடந்து போய்ப் பாருங்கள்

ஒரு நோட்டு, அளவு நாடா, கேமரா உள்ள போன், இவ்வளவு போதும். ஊரிலுள்ள படைப்புகள் ஒவ்வொன்றிடமும் நேரில் போய் நில்லுங்கள். சிலை, சுவரோவியம், மொசைக், நீரூற்றில் பதித்த சிற்பம், அலுவலக வரவேற்பறையில் மாட்டிய ஓவியம், எதையும் விடாதீர்கள். நகராட்சிக் கிடங்கையும் திறந்து பாருங்கள். சாலை அகலப்படுத்தியபோது கழற்றி வைத்த சிற்பம் ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க வாய்ப்புண்டு.

ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு எண் கொடுங்கள். தலைப்பு, கலைஞர், ஆண்டு, பொருள், உயரம், அகலம், ஆழம், இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தவறான ஆண்டு ஒன்று பதிவேட்டில் ஏறிவிட்டால் அதையே அடுத்த ஐம்பது வருடம் எல்லோரும் எடுத்தெழுதுவார்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். பீடத்தையும், பீடத்தில் சிலை உட்காரும் இணைப்பையும், கலைஞரின் கையெழுத்தையும், சிலையை வார்த்த ஆலையின் முத்திரையையும் தனித்தனியாக எடுங்கள். விரிசலோ கறையோ இருந்தால் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து எடுங்கள். அடுத்த ஆண்டு அது வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல வேறு வழி இல்லை.

இதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1989இல் திறந்தவெளிச் சிற்பங்களைக் காக்க நாடு தழுவிய ஓர் இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் படிவத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சொந்த ஊர்களைச் சுற்றி, சுமார் 30,000 சிற்பங்களைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள்.

அப்புறம், தினமும் அந்த இடத்தில் இருப்பவர்களிடம் பேசுங்கள். பூங்காவில் ஒரு வெண்கலச் சிலையை நான் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர்தான் சொன்னார்: "சார், மழை விட்டு நாலு நாள் ஆனாலும் அந்தச் சிலையோட காலடியிலே தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும்." குனிந்து பார்த்தேன். பாதத்துக்கு அடியில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை. பெரிய வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். உள்ளே புகும் தண்ணீர் வெளியேறுவதற்காக வார்க்கும்போதே விட்ட துளை அது. மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து கிட்டத்தட்ட அடைத்திருந்தது. ஒரு மூங்கில் குச்சியால் மெதுவாகக் குத்தியதும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு வந்தது. எத்தனை வருடத் தண்ணீரோ! உள்ளே இருந்த இரும்புத் தாங்கியை அது அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது பதிவேட்டில் அந்தச் சிலையின் பக்கத்தில், வடிதுளை எங்கே இருக்கிறது என்று படத்தோடு குறித்திருக்கிறேன்.

இரண்டாவது: உண்மையிலேயே ஊருக்குத்தான் சொந்தமா?

"நம் பூங்காவில் இருக்கிறது, அதனால் நம்முடையது" என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டிஷ் சிற்பி ஹென்றி மூரின் 'போர்த்திய ஆடையுடன் அமர்ந்த பெண்' என்ற வெண்கலச் சிற்பத்தின் கதையைப் பாருங்கள். லண்டன் மாவட்ட மன்றம் அதை 1962இல் வாங்கி, கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் ஒரு பொதுக் குடியிருப்பில் வைத்தது. மக்கள் அதை 'ஓல்ட் ஃப்ளோ' என்று செல்லமாக அழைத்தார்கள். பிறகு அந்த மன்றமே கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த அமைப்பும் கலைக்கப்பட்டது. குடியிருப்பும் இடிக்கப்பட, 1997இல் சிற்பம் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவுக்கு இரவலாகப் போனது. 2012இல், ஸ்டெப்னி அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் பகுதியின் மன்றம் அதை விற்க முடிவு செய்தபோது, சிற்பம் எங்களுடையது என்று லண்டனின் இன்னொரு பகுதியான ப்ராம்லியின் மன்றம் எழுந்தது. நிர்வாகங்கள் கைமாறியபோது சிற்பம் யார் கைக்குப் போனது என்பதுதான் வழக்கு. டவர் ஹாம்லெட்ஸுக்கே சொந்தம் என்று 2015இல் நீதிமன்றம் சொன்னது. விற்பனை கைவிடப்பட்டு, 2017இல் சிற்பம் அந்தப் பகுதிக்கே திரும்பியது. கொள்முதல் ஆவணம் இருந்த படைப்புக்கே இந்தப் பாடு.

ஆகவே ஒவ்வொரு படைப்புக்கும் அது எப்படி வந்தது என்று தேடுங்கள்: விலை கொடுத்தா, நன்கொடையா, இரவலா, கட்டுமான ஒப்பந்தத்தின் பகுதியா? மன்றத் தீர்மானப் புத்தகங்கள்தான் முதல் புதையல். திறப்பு விழா ஆண்டுக்கு முந்தைய இரண்டு வருடத் தீர்மானங்களைப் புரட்டுங்கள். கணக்குப் பிரிவின் பழைய வவுச்சர்கள், உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகள், கலைஞரின் குடும்பம் என்று விசாரிப்பு விரியும்.

சுவரோவியங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓவியத்துக்கு நகராட்சி பணம் கொடுத்திருக்கும், சுவர் தனியாருடையதாக இருக்கும். சுவரின் உரிமையாளர் கட்டிடத்தை விற்றால் என்ன ஆகும்? எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் உடனே ஒன்று போடுங்கள். எத்தனை ஆண்டு இருக்கும், பழுது பார்க்க ஆட்கள் உள்ளே வரலாமா, சுவரில் வேலை செய்வதற்கு எத்தனை நாள் முன்னால் தகவல் தர வேண்டும் என்ற மூன்று விஷயங்களாவது அதில் இருக்கட்டும்.

மூன்றாவது: பொருள் உங்களுடையது, பதிப்புரிமை வேறு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். சிலையை வாங்கியதால் அதன் படத்தை நாள்காட்டியிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. வாஷிங்டனிலுள்ள கொரியப் போர் நினைவிடத்தின் வீரர் சிலைகளின் படத்தோடு 2002இல் அமெரிக்க அஞ்சல்துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. சிலைகள் நிற்பது அரசு நிலம், நினைவிடமும் அரசுடையது. ஆனாலும் சிற்பி ஃபிராங்க் கேலார்ட் வழக்குப் போட்டு வென்றார். 6 லட்சத்து 84 ஆயிரம் டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்று 2013இல் தீர்ப்பானது. நகராட்சியின் இணையதளம், கையேடு, வரைபடம் ஆகியவற்றில் படத்தைப் பயன்படுத்தக் கலைஞரிடம் எழுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். பெரும்பாலான கலைஞர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

பதிப்புரிமையைத் தவிர, படைப்பாளியின் தார்மீக உரிமை என்று ஒன்று இருக்கிறது. படைப்பைச் சிதைத்துத் தன் நற்பெயருக்குக் கேடு செய்வதைத் தடுக்கும் உரிமை அது. விற்ற பிறகும் கலைஞரிடமே இருக்கும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் இது சேர்ந்தது. அமெரிக்காவில் காட்சிக் கலைஞர்களுக்கு 1990இல் சட்டமானது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு.

அந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்த வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. தில்லி விஞ்ஞான் பவனுக்காக அவர் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஏறக்குறைய 140 அடி நீளம், 40 அடி உயரம். 1979இல் கட்டிடத்தைப் புதுப்பித்தபோது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிய்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய துண்டுகளை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு கடிதம், ஒரு சந்திப்பு, கழற்றுவதற்கு முன் ஓர் ஆலோசனை நடந்திருந்தால் போதும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும், உயிரோடிருக்கும் கலைஞரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

நான்காவது: எதனால் செய்தது என்பதற்கேற்ற கவனிப்பு

ஒரே வாளி, ஒரே பிரஷ் எல்லாவற்றுக்கும் ஆகாது.

வெண்கலத்துக்கு வேண்டியது மென்மையான குளியலும் மெழுகும். காரமோ அமிலமோ இல்லாத சோப்பை நீரில் கலந்து, மிருதுவான பிரஷால் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிய மெழுகுப் பூச்சு. ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். முதல் தடவை மட்டும் உலோகச் சிற்பங்களைப் பாதுகாப்பதில் பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். பித்தளை பாலீஷை அருகிலேயே விடாதீர்கள். கலைஞர் வேண்டுமென்றே ஏற்றிய பழுப்போ பச்சையோ நிறம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். பச்சை எல்லாம் நோய் இல்லை. சீராகப் படிந்த களிம்பு சிலையின் இயல்பான தோல். வெளிறிய பச்சையில் மாவாக உதிர்ந்தால் அது உப்பின் வேலை. அதற்கு நிபுணரை அழையுங்கள். பறவை எச்சத்தைக் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். புல்வெளிக்கு நீர் தெளிக்கும் குழாயின் வாய் சிலையைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலையின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். குழாயைத் திருப்பி வைத்தாலே தீர்ந்தது.

துருப்பிடித்த தோற்றத்தோடு வரும் தனிவகை எஃகின் மேல்துரு அதற்குக் கவசம். நனைந்து நனைந்து காய்ந்தால்தான் அந்தக் கவசம் உருவாகும். இடுக்குகளில் இலை சேர்ந்து எப்போதும் ஈரமாக இருந்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். ஆகவே கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பதே பராமரிப்பு.

பெயின்ட் அடித்த எஃகில் விரலை வைத்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால் வெயில் பூச்சைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். கீறலை அன்றே மூடுங்கள், இல்லையென்றால் துரு பூச்சுக்கு அடியில் பரவும். மறுபூச்சு தவிர்க்க முடியாத செலவு. அதனால் பெயின்ட் நிறுவனத்தின் பெயர், நிறக் குறியீடு, பளபளப்பு அளவு, எத்தனை பூச்சு என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதுங்கள். "சிவப்பு" என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் கடையில் கிடைக்கும் சிவப்பை அடித்துவிடுவார்.

கல்லுக்கு அமிலமும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். பளிங்கை அமிலம் கரைக்கும், பிளீச் உப்பை விட்டுச் செல்லும்.

சுவரோவியத்துக்குப் பெரிய எதிரி சுவருக்குள் இருக்கும் ஈரம். கூரை ஓரத்தில் ஒழுக்கு, அடியிலிருந்து ஏறும் ஈரம், உப்புப் பூத்தல், இவற்றைச் சரிசெய்யாமல் ஓவியத்தைத் தொடுவது வீண். மேற்கு வெயில் படும் சுவரில் சில சிவப்புகளும் மஞ்சள்களும் முதலில் வெளுக்கும். யாராவது கிறுக்கிவிட்டால் முதலில் படம் எடுங்கள். ஓரிரு நாளுக்குள் அகற்றப் பாருங்கள். ஆனால் தின்னரை ஊற்றித் தேய்த்துவிடாதீர்கள், கிறுக்கலோடு ஓவியமும் வந்துவிடும். மூலையில் விரல்நகம் அளவுக்குச் சோதித்துப் பார்த்த பிறகே மற்றது.

நான் கண்முன் பார்த்த இழப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமான ஒருவர் வருகிறார் என்று ஒரு தெருவையே அவசரமாகக் கழுவினார்கள். உயர் அழுத்தக் குழாயைச் சுவரோவியத்தின் பக்கமும் திருப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஓவியத்திலிருந்த ஆற்றின் நீலம் செதில் செதிலாகக் கால்வாயில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு செதிலைக் கையில் எடுத்தேன். முன்பக்கம் நீலம், பின்பக்கம் சுண்ணாம்பு. கழுவிய தொழிலாளர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாகக் கழுவச் சொன்னார்கள், கழுவினார்கள். அது எப்படிப்பட்ட சுவர் என்று நாங்கள்தான் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பக்க அட்டை தயாரித்து, துப்புரவுப் பணியாளர்களும் தோட்டப் பணியாளர்களும் கருவிகளை எடுக்கும் அறையிலேயே மாட்டச் சொன்னேன். படம், "வாளித் தண்ணீர், மெல்லிய பிரஷ்", "அழுத்தக் குழாய் கூடாது", ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். நீங்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த அட்டையைச் செய்துவிடுங்கள்.

ஐந்தாவது: பணம், காப்பீடு, திருட்டு

கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. பிரான்சில் 1951இல் பள்ளிக் கட்டிடங்களோடு வந்தது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா 1959இல் விதி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மூலதனச் செலவுக்கான பணம். புதிய படைப்பு வாங்கலாம், ஆண்டுதோறும் மெழுகு பூசுவதற்குப் பெரும்பாலும் எடுக்க முடியாது. பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பில், சின்னத் தொகையாக இருந்தாலும் ஆண்டு வரவுசெலவில் ஒரு வரி போடப் போராடுங்கள். ஒருமுறை அந்த வரி ஏறிவிட்டால் அடுத்த ஆண்டு கேட்பது எளிது.

வெண்கலத்துக்குத் திருட்டு பயமும் உண்டு. லண்டன் டல்விச் பூங்காவில் 1970இலிருந்து நின்ற பார்பரா ஹெப்வொர்த்தின் சிற்பத்தை 2011 டிசம்பரில் அறுத்தெடுத்துப் போனார்கள். சதக் மன்றத்துக்குச் சொந்தமான அது 5 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தது. 2005இல் ஹென்றி மூர் அறக்கட்டளை வளாகத்திலிருந்து திருடு போன சுமார் 2 டன் சிற்பம், பழைய உலோகமாக 1,500 பவுண்டு அளவுக்கே விலைபோயிருக்கும் என்று காவல்துறை கருதியது. கலை மதிப்பு திருடனுக்குத் தேவையில்லை, எடைதான் தேவை. பீடத்தின் போல்ட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். இரவு விளக்கு எரிகிறதா என்றும், வாகனம் நேராகச் சிலைவரை வர வழியிருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீட்டுப் பட்டியலில் படைப்புகள் தனித்தனியாக இருக்கட்டும். "பூங்காத் தளவாடங்கள்" என்ற ஒற்றை வரிக்குள் சிலையும் சேர்ந்திருந்தால், இழப்பீடு கோரும் நாளில் பெஞ்சுக்கும் சிலைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

ஆறாவது: புதிதாக ஒன்று வரும்போது

நன்கொடை என்று யாராவது வந்தால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அடித்தளம் போட யார் செலவு? இருபது வருடம் யார் பராமரிப்பது? பிடிக்காமல் போனால் இடம் மாற்ற உரிமை உண்டா? ஏற்பதற்கான விதிகளை, கையில் எந்த நன்கொடையும் இல்லாத அமைதியான காலத்திலேயே மன்றத்தில் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். அப்போது யாரையும் புண்படுத்தாமல் மறுக்க முடியும்.

கலைஞரிடம் வேலையை ஒப்படைக்கும்போது கடைசித் தவணையைப் பராமரிப்புக் குறிப்பு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். எந்தப் பொருள், எந்தப் போல்ட், எதனால் கழுவுவது, உள்ளே தாங்கி எப்படி இருக்கிறது என்ற வரைபடம் எல்லாம் அதில் வேண்டும். சுவரோவியமாக இருந்தால், எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்று இரு பக்கமும் பேசி எழுதுங்கள். பத்து ஆண்டு என்று தொடக்கத்திலேயே தெரிந்தால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மக்களுக்குப் பிடிக்குமா என்ற பயம் வரும். மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் 1969இல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் 43 அடி உயரச் சிவப்புச் சிற்பம் வந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. இன்று அதன் உருவம் அந்த நகரத்தின் சின்னத்திலேயே இருக்கிறது. இந்தியானாவின் கொலம்பஸ் ஏறக்குறைய 50,000 பேர் வாழும் சின்ன ஊர். அங்கே நூலகத்தின் முன்னால் 1971இலிருந்து ஹென்றி மூரின் பெரிய வளைவு நிற்கிறது, மக்கள் அதனடியில் நடந்து போகிறார்கள். காலம் கொடுத்தால் ஊர் பழகிக்கொள்ளும்.

ஏழாவது: அகற்ற வேண்டி வந்தால்

சில படைப்புகள் பாதுகாப்பற்றவை ஆகிவிடும், சிலவற்றின் இடமே இல்லாமல் போகும். அகற்றுவது பாவம் இல்லை, அவசரமாக அகற்றுவதுதான் தவறு. நியூயார்க்கின் அரசு வளாகம் ஒன்றில் 1981இல் நிறுவிய, சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 120 அடி எஃகுச் சுவரைப் பற்றி 1985இல் பொது விசாரணை நடந்தது. 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் 1989இல் ஓர் இரவில் வெட்டி எடுத்தார்கள். அந்த இடத்துக்காகவே செய்தது, வேறிடத்தில் வைத்தால் அது அந்தப் படைப்பே இல்லை என்று செர்ரா கடைசிவரை சொன்னார். மக்களைக் கேட்பதாக இருந்தால், அவர்கள் சொல்வதை எப்படி எடைபோடப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேளுங்கள். காரணத்தை எழுதுங்கள். கலைஞருக்கோ குடும்பத்துக்கோ தகவல் கொடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ள முதல் வாய்ப்பை அவர்களுக்குத் தாருங்கள். முடிவெடுப்பதற்கு முன் சில மாதங்கள் ஆறப்போடுங்கள். அகற்றிய பிறகும் பதிவேட்டின் பக்கத்தைக் கிழிக்காதீர்கள்.

எட்டாவது: அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கோப்பு

இதை வேலையை விடும்போது தொடங்கினால் முடியாது, முதல் மாதமே தொடங்குங்கள். அச்சுப் பிரதி ஒன்று அலுவலகத்தில், மின் பிரதி ஒன்று நகராட்சியின் பொதுக் கணக்கில். உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். இன்னொரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். முதல் பக்கத்தில் படைப்புகளின் பட்டியல். இரண்டாவது பக்கத்தில், எந்த மாதம் எதைக் கழுவுவது, எதற்கு மெழுகு, எதன் போல்ட்டைப் பார்ப்பது என்ற கால அட்டவணை. மூன்றாவது பக்கத்தில், கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது, விளக்கின் மின் இணைப்பு எண் எது, எந்தச் சிலையின் வடிதுளை எந்தக் காலடியில் இருக்கிறது என்பதெல்லாம்.